நிரலாளர் கேள்வி-பதில்: சூழல் மாறியை டெஸ்ட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஜாவா கோட் ஒரு சூழல் மாறியைப் (என்விரான்மென்ட் வேரியபிள் என்று தினமும் நாம் சொல்வதுதான்) படித்து நடந்துகொள்கிறது. டெஸ்ட்டில் அந்த மதிப்பை மாற்றிப் பார்க்க வழி தெரியவில்லை. எனவே இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வெளிச் சேவை ஒன்றை அழைக்கும் கிளாஸ் எங்களிடம் இருக்கிறது. எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதை ‘சர்வீஸ்_டைம்அவுட்’ என்ற சூழல் மாறியிலிருந்து கன்ஸ்ட்ரக்டரிலேயே படித்துக்கொள்கிறது. மாறி இல்லையென்றால் 30 நொடி. இதற்கு டெஸ்ட் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட்டுக்காகப் போலி மாற்றுகளை (மாக்) உருவாக்கும் மாக்கிட்டோ லைப்ரரியின் மாக்ஸ்டாட்டிக்குக்கு, சூழல் மாறியைப் படிக்கும் ‘கெட்என்வ்’ மெத்தட் இருக்கும் சிஸ்டம் கிளாஸைக் கொடுத்தால் பிழை வருகிறது. மாக்கிட்டோவை 5-ஆம் பதிப்புக்கு ஏற்றியும் அதே கதைதான். என்ன செய்யலாம்?
— வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வாசகி

பதில்: அந்தப் பிழைச் செய்தியை இன்னொரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள். முடியாது என்பதோடு நிற்காமல், ஏன் முடியாது என்பதையும் அதே வரியில் சொல்லியிருப்பார்கள். ஸ்டாட்டிக் மெத்தட்களை மாக் செய்யும் வசதி மாக்கிட்டோவுக்கு 2020-இல், 3.4.0 பதிப்பில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) குறிப்பிட்ட கிளாஸின் பைட்கோடையே, அதாவது தொகுத்த வடிவத்தையே, மாற்றி எழுதித்தான் அது வேலை செய்கிறது. சிஸ்டம் கிளாஸோ, மற்ற கிளாஸ்களை ஏற்றும் வேலையிலேயே அழைக்கப்படுவது. அதில் கை வைத்தால் கிளாஸ் ஏற்றம் தன்னைத் தானே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும். அதனால் அந்தக் கதவை மாக்கிட்டோ தெரிந்தே பூட்டி வைத்திருக்கிறது. 5-ஆம் பதிப்பில் இந்தப் பைட்கோடை மாற்றும் இன்லைன் முறை இயல்பிருப்பாக ஆனது, அவ்வளவுதான். இந்தப் பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

அடுத்து, மாறியை அமைக்க ‘செட்என்வ்’ என்று ஏதாவது உண்டா எனத் தேடுவீர்கள். ஜாவாவில் அப்படி ஒன்று இல்லை. சூழல் மாறிகள் உங்கள் கிளாஸுக்கோ டெஸ்ட்டுக்கோ சொந்தமானவை அல்ல. முழு பிராசஸுக்கும் சொந்தமானவை. பிராசஸ் தொடங்கும்போது இயங்குதளம் ஒரு கட்டாகக் கையில் கொடுக்கிறது. பிராசஸ்என்விரான்மென்ட் என்ற உள் கிளாஸ் அதை ஒரு தடவை படித்து, மாற்ற முடியாத மேப்பாக (சாவியும் மதிப்புமான பட்டியல்) சுற்றி வைத்துக்கொள்கிறது. ‘கெட்என்வ்’ தருவது அந்த மேப்பைத்தான். அதில் புட் செய்து பார்த்தால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் வந்து விழும். ஓடும் பிராசஸில், பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒருவர் வந்து மதிப்பை மாற்றுவது ஆபத்தான வேலை. சி மொழியின் செட்என்வ் பல த்ரெட்களுக்கு நடுவே பாதுகாப்பானது என்று, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான பாசிக்ஸ் உறுதி தருவதில்லை. ஜாவாவில் அந்த மெத்தட் இல்லாததை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை.

சரி, உங்கள் கிளாஸுக்கு வருவோம். உண்மையில் அந்த கிளாஸுக்கு என்ன வேண்டும்? ஒரு எண் வேண்டும், எத்தனை நொடி என்று. அந்த எண் இயங்குதளத்திலிருந்து வந்ததா, கோப்பிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தேவையில்லாத சங்கதி. எனவே கன்ஸ்ட்ரக்டரை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சேவையை அழைக்கும் கிளாஸ், காத்திருப்பு நேரத்தை டியூரேஷனாக (ஜாவாவில் கால அளவைக் குறிக்கும் வகை) நேரடியாக வாங்கிக்கொள்ளட்டும். மாறியைப் படித்து டியூரேஷனாக மாற்றும் வேலைக்குத் தனியாக ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். ‘அமைப்புகள்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் கன்ஸ்ட்ரக்டர், சரம் கொடுத்தால் சரம் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை வாங்கட்டும். மெயின் மெத்தட்டில் ‘சிஸ்டம்::கெட்என்வ்’ என்ற மெத்தட் ரெஃபரன்ஸைக் கொடுங்கள். டெஸ்ட்டில் ‘மேப்.ஆஃப்’ கொண்டு கட்டிய சிறு மேப்பின் கெட் மெத்தட்டைக் கொடுங்கள். இல்லாத சாவியைக் கேட்டால் மேப்பும் நல் (null, மதிப்பு இல்லை என்பது) தரும், கெட்என்வும் நல் தரும். நடத்தை அப்படியே பொருந்திப்போகிறது. மாக்கிட்டோவே வேண்டாம். கிளாஸின் உள்ளே மறைந்திருப்பதை ஓடும்போதே திறந்து பார்க்கவும் மாற்றவும் உதவும் ரிஃப்ளெக்‌ஷனும் வேண்டாம். புது டிபெண்டன்சி எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

இப்படிப் பிரித்த பிறகு நீங்கள் எழுதப்போகும் டெஸ்ட்களைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆவல். நிறையப் பேர் ‘மாறி இருக்கிறது, மாறி இல்லை’ என்று இரண்டு டெஸ்ட் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். பிழைகள் ஒளிந்திருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். மாறி இருக்கிறது, ஆனால் ஓர் எழுத்தும் இல்லாத வெறும் சரம்: இது நல் அல்ல. நல் என்றால் 30 என்று மட்டும் எழுதிய கோட், வெறும் சரத்தை, சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்டிஜர்.பார்ஸ்இன்ட்டிடம் அனுப்பி விழுந்துவிடும். டெப்லாய்மென்ட் கோப்பில் சாவியை எழுதிவிட்டு மதிப்பை நிரப்ப மறந்தால் நடப்பது இதுதான். அடுத்து, முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்ட ‘30’. பார்ஸ்இன்ட் ஓரத்து இடைவெளியைத் தானாக வெட்டாது; நம்பர்ஃபார்மட்எக்ஸெப்ஷன்தான் வரும். பிறகு ‘30s’ போல அலகோடு எழுதியது, பூஜ்யம், கழித்தல் 5, 3000000000. கடைசியாகச் சொன்ன எண் இன்ட்டின் உச்சமான 2147483647-ஐத் தாண்டுவதால் அதுவும் விழும். இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் கிளாஸ் என்ன செய்ய வேண்டும் என்று குழுவில் பேசி முடிவெடுங்கள். நான் எழுதுவதாக இருந்தால், மாறி இல்லாதபோது மட்டும் 30-ஐ எடுத்துக்கொள்வேன். மற்ற எல்லாத் தப்பு மதிப்புக்கும், மாறியின் பெயரையும் வந்த மதிப்பையும் சொல்லி, புரோகிராம் தொடங்கும்போதே நிறுத்திவிடுவேன். தப்பு மதிப்பைச் சத்தமில்லாமல் 30 ஆக்கிவிட்டால், காத்திருப்பு நேரத்தை மாற்றியும் ஏன் மாறவில்லை என்று யாரோ ஒருவர் ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

தமிழ் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பார்ஸ்இன்ட்டிடம் ‘௩௦’ என்று தமிழ் எண்களில் கொடுத்துப் பாருங்கள், அழகாக 30 என்று திருப்பித் தரும். யூனிகோடில் பதின்ம எண்ணாகக் குறிக்கப்பட்ட பெரும்பாலான எழுத்துகளை அது ஏற்றுக்கொள்ளும். ஆங்கில இலக்கம் மட்டும்தான் எண் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி முன்னாலேயே வடிகட்டுகிறவர்களின் கோடும், நேராக பார்ஸ்இன்ட்டிடம் போகிறவர்களின் கோடும் இந்த இடத்தில் வேறுபடும்.

கேள்வி: ஒரு டெஸ்ட் கிளாஸைத் தனியாக ஓட்டினால் பச்சை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் சிவப்பு. சூழல் மாறியைப் படித்து ‘ஸ்டாட்டிக் ஃபைனல்’ ஃபீல்டில் வைத்திருக்கிறோம். டெஸ்ட்டில் மாறியை அமைக்கும் லைப்ரரியும் சரியாகத்தான் வேலை செய்கிறது, கெட்என்வை அச்சிட்டுப் பார்த்தால் புது மதிப்பு வருகிறது. ஆனாலும் ஃபீல்டில் பழைய மதிப்புதான்!
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

பதில்: கேள்வியிலேயே விடையை எழுதிவிட்டீர்கள். ஸ்டாட்டிக் ஃபைனல் ஃபீல்டுக்கு மதிப்பு ஏறுவது ஒரே ஒரு தடவை, அந்த கிளாஸ் முதன்முதலாகப் பயன்படும் நேரத்தில். பில்டு கருவியான மேவனில் டெஸ்ட்களை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் இயல்பாக ஒரே ஒரு ஜேவிஎம்மைக் கிளப்பி, எல்லா டெஸ்ட் கிளாஸ்களையும் அதற்குள்ளேயே வரிசையாக ஓட்டுகிறது. இன்னொரு பில்டு கருவியான கிரேடிலும் இயல்பிருப்பில் அப்படித்தான். ஆகவே உங்கள் டெஸ்ட்டுக்கு முன்னால் ஓடிய வேறு ஏதோ ஒரு டெஸ்ட், அந்த கிளாஸைப் போகிற போக்கில் தொட்டிருக்கிறது. அந்தக் கணத்தில் இருந்த மதிப்பு உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் மாறியை மாற்றினாலும் ஃபீல்டு அதைத் திரும்பிப் பார்க்காது.

இதற்கு சிலர் ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸுக்கும் புது ஜேவிஎம் கிளப்பச் சொல்வார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் டெஸ்ட் ஓடும் நேரம் கண்முன்னே வீங்கும், நோயும் உள்ளேயே இருக்கும். இன்னும் சிலர் ரிஃப்ளெக்‌ஷனால் ஃபைனலைக் கழற்றச் சொல்வார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். புதிய ஜாவா பதிப்புகளில் அது அடிக்கடி தோற்கும். தோற்காத இடத்திலும், ஓடும்போதே கோடை வேகமாக்கும் ஜேஐடி கம்பைலர் ஃபைனல் மதிப்பை மாறிலி என்று நம்பி ஏற்கெனவே உள்ளே பதித்திருக்கலாம்.

ஃபீல்டிலிருந்து ஸ்டாட்டிக்கை எடுத்துவிடுங்கள். கன்ஸ்ட்ரக்டர் வழியாக மதிப்பு வரட்டும். ஒரே நேரத்தில் நூறு இடத்தில் மாற்ற முடியாத அளவுக்குப் பெரிய கோட்பேஸ் என்றால், இன்று டெஸ்ட் எழுதப்போகும் ஒரு கிளாஸில் மட்டும் மாற்றுங்கள். மற்றதை அந்தந்த கிளாஸைத் தொடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கெட்என்வ் தரும் மேப்புக்குள் இருக்கும் ‘எம்’ என்ற ஃபீல்டை ரிஃப்ளெக்‌ஷனால் திறந்து, உள்ளிருக்கும் மேப்பில் எழுதும் ஒரு யுட்டிலிட்டி எங்களிடம் பல வருடமாக இருக்கிறது. ஜாவா 8-இல் ஒரு குறையும் இல்லை. ஜாவா 17-க்கு மாறியதும் இன்அக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன். ஜாவாவை ஏன் இப்படிக் கெடுத்து வைத்தார்கள்?
— மூத்த நிரலாளர் ஒருவர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கெட்டதாக நான் நினைக்கவில்லை. மாற்றம் திடீரென்றும் வரவில்லை. 2017-இல் ஜாவா 9 மாட்யூல் முறையைக் கொண்டுவந்தபோதே, ஜேடிகேயின் (ஜாவாவின் நிரலாக்கத் தொகுப்பு) உள்ளறைகளை ரிஃப்ளெக்‌ஷனால் திறந்தால் எச்சரிக்கை அச்சிட ஆரம்பித்தார்கள். 2021 மார்ச்சில் ஜாவா 16, இயல்பாகவே அதை மறுத்தது. இல்லீகல்-அக்சஸ் என்ற கொடியைப் போட்டுத் தப்பிக்க மட்டும் வழி விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜாவா 17 அந்தக் கொடியையும் செயலிழக்கச் செய்துவிட்டது. 8-இலிருந்து நேராக 17-க்குத் தாவியதால், நடுவில் வந்த எச்சரிக்கைகள் எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை.

இப்போதைக்கு ஓட வேண்டுமென்றால், டெஸ்ட் ஓடும் ஜேவிஎம்முக்கு மட்டும் ஆட்-ஓபன்ஸ் (--add-opens) என்ற கொடியைக் கொடுத்து, ஜாவா.பேஸ் மாட்யூலின் ஜாவா.யுட்டில், ஜாவா.லாங் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் பெயரில்லாத மாட்யூலுக்கு (எந்த மாட்யூலிலும் சேராத கோட்) திறந்துவிடுங்கள். உங்கள் யுட்டிலிட்டி ‘எம்’ ஃபீல்டை மட்டும் தொட்டால் ஜாவா.யுட்டில் போதும், விண்டோஸில் ஓட வேண்டுமானால் பிராசஸ்என்விரான்மென்ட்டையும் தொட வேண்டியிருக்கும், அதற்குத்தான் ஜாவா.லாங். விண்டோஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காமல் தேடுவதற்கென்றே தனியாக இன்னொரு மேப் உள்ளே இருக்கிறது. ‘எம்’மை மட்டும் மாற்றினால் கெட்என்வ் பெயர் சொல்லிக் கேட்கும்போது பழையதைத் தரும், மொத்த மேப்பாகக் கேட்கும்போது புதியதைத் தரும். லினக்ஸ் வைத்திருப்பவருக்குப் பச்சை, பக்கத்து மேசையில் விண்டோஸ் வைத்திருப்பவருக்குச் சிவப்பு என்று வரும் புதிர்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த வித்தை மாற்றுவது ஜாவா தன்னிடம் வைத்திருக்கும் பிரதியை மட்டும்தான். இயங்குதளம் பிராசஸுக்குக் கொடுத்த உண்மையான கட்டு அப்படியே இருக்கும். ஜாவாவிலிருந்து நேட்டிவ் கோடை அழைக்கும் ஜேஎன்ஐ வழியாக ஒரு சி லைப்ரரியை அழைத்தால், அது தன் கெட்என்வில் பழைய மதிப்பைத்தான் பார்க்கும். நீங்கள் சோதிக்கும் கோட் அப்படி எங்காவது நேட்டிவ் பக்கம் போகிறதென்றால், அந்த டெஸ்ட் உங்களுக்குச் சொல்வது உண்மை அல்ல.

ஜாவாவும் கெட்என்வும் முன்பு இன்னும் மோசமாக மனத்தாங்கலில் இருந்ததுண்டு. ஆரம்பத்திலேயே இருந்த அந்த மெத்தடை ஒரு கட்டத்தில் டெப்ரிகேட் செய்து, ‘இனி ஆதரவில்லை, ப்ராப்பர்ட்டி பயன்படுத்துங்கள்’ என்று எர்ரர் வீசும்படி ஆக்கியிருந்தார்கள். 2004-இல் ஜாவா 5-தான் அதைத் திரும்ப உயிர்ப்பித்து, மேப் தரும் வடிவத்தையும் சேர்த்தது. 1.4 காலத்திலிருந்து எழுதுகிறவராக இருந்தால் உங்களுக்கே நினைவிருக்கும்.

கேள்வி: ‘கோடை மாற்றுங்கள்’ என்று சொல்வது சுலபம். எங்களுக்கு வந்திருப்பது வெளியார் எழுதிய ஜார் (தொகுத்த ஜாவா கோப்பு). சோர்ஸ் கிடையாது. அது உள்ளே கெட்என்வை அழைக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. மாற்ற முடியாத கோட் என்றால் கருவியைத்தான் எடுக்க வேண்டும். நல்ல கருவிகளும் இருக்கின்றன.

டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்காக ஜேயூனிட் 5 பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஜேயூனிட் பயனியர் என்ற துணை லைப்ரரி இருக்கிறது. டெஸ்ட் மெத்தடின் தலையில் ‘செட்என்விரான்மென்ட்வேரியபிள்’ என்ற அனோட்டேஷனைப் போட்டு, சாவியும் மதிப்பும் கொடுத்தால் போதும். டெஸ்ட் முடிந்ததும் பழைய நிலைக்கு அதுவே திருப்பி வைத்துவிடும். மாறி இல்லாத நிலையைச் சோதிக்க ‘கிளியர்என்விரான்மென்ட்வேரியபிள்’. படிப்பதற்கு இதைவிடத் தெளிவான முறை இல்லை; டெஸ்ட்டைத் திறந்ததும் எந்த மதிப்பில் ஓடுகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. உள்ளே அது செய்வதும் மேலே சொன்ன அதே ரிஃப்ளெக்‌ஷன் வேலைதான், எனவே ஆட்-ஓபன்ஸ் கொடுத்தாக வேண்டும். சிஸ்டம் லாம்ப்டாவும் அதே குலம்: ‘வித்என்விரான்மென்ட்வேரியபிள்’ என்று தொடங்கி, சோதிக்க வேண்டியதை ஒரு லாம்ப்டாவாக எக்ஸிக்யூட்டிடம் கொடுப்பீர்கள். எந்த டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கிலும் அது வேலை செய்யும். சிஸ்டம் ஸ்டப்ஸின் இரண்டாம் பதிப்பு வேறு பாதையில் போகிறது. பைட்கோடை மாற்றும் லைப்ரரியான பைட்பட்டியின் துணையோடு அழைப்பை வழியிலேயே பிடித்துக்கொள்வதால், புதிய ஜாவாவில் தொல்லை குறைவு. ஜாவா 17-க்கு மேல் இருப்பவர் நீங்கள் என்றால் அதையே முதலில் பாருங்கள் என்பேன்.

பவர்மாக்கைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் தொட வேண்டாம். ஜேயூனிட் 4 காலத்துக் கருவி அது, தனக்கென்று ஒரு கிளாஸ்லோடரை வைத்துக்கொண்டு ஓடுகிறது, ஜாவா முன்னேறிய வேகத்துக்கு அது வரவில்லை. ஏற்கெனவே அதில் சிக்கியிருப்பவர்கள் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பிரிப்பேர்ஃபார்டெஸ்ட்டில் சிஸ்டம் கிளாஸைக் கொடுக்கக் கூடாது, சிஸ்டத்தை அழைக்கும் உங்கள் கிளாஸைக் கொடுக்க வேண்டும். ‘பவர்மாக் வேலை செய்யவில்லை’ என்று வந்த கடிதங்களுக்கு இதுதான் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எந்தக் கருவியை எடுத்தாலும் ஒரு ஆபத்து கூடவே வரும். டெஸ்ட்கள் இணையாக ஓடினால், ஒரு டெஸ்ட் அமைத்த மதிப்பைப் பக்கத்து த்ரெட்டில் ஓடும் இன்னொரு டெஸ்ட் படித்துவிடக்கூடும். பத்துத் தடவை பச்சை, பதினோராவது தடவை சிவப்பு, மறுபடி ஓட்டினால் பச்சை. இப்படிப்பட்ட டெஸ்ட்டை ‘அது அப்படித்தான், திரும்ப ஓட்டு’ என்று சொல்லப் பழகிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே உண்மையான பிழை வந்தபோதும் திரும்ப ஓட்டித்தான் கடந்துபோனார்கள். மனது வலித்தது. ஜேயூனிட் 5-இல் இணை ஓட்டம் நாமாகக் கேட்டால்தான் வரும். கேட்டிருக்கிறீர்கள் என்றால், பயனியரின் அனோட்டேஷன்கள் தமக்குள் மோதிக்கொள்ளாமல் பூட்டுப் போட்டுக்கொள்ளும். ஆனால் வெறுமனே மாறியைப் படிக்கும் மற்ற டெஸ்ட்களை அது எப்படி அறியும்? அவற்றின் தலையில் ‘ரீட்ஸ்என்விரான்மென்ட்வேரியபிள்’ போடுவது உங்கள் பொறுப்பு. மற்ற கருவிகளோடு என்றால் ஜேயூனிட்டின் ரிசோர்ஸ்லாக்கையோ ஐசொலேட்டடையோ பயன்படுத்துங்கள்.

அப்புறம், அந்த ஜாரைச் சுற்றி உங்களுடைய ஒரு இன்டர்ஃபேஸைப் போர்த்திவிடுங்கள். கருவி வேண்டியிருப்பது அந்த ஒரு போர்வை கிளாஸின் டெஸ்ட்டுக்கு மட்டும்தான் என்றாகிவிடும். மற்ற கோட் முழுக்க உங்கள் இன்டர்ஃபேஸை மாக் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கும்.

கேள்வி: பில்டு கோப்பிலேயே மாறிகளை எழுதிவிட்டால் என்ன?
— மேவனும் கிரேடிலும் பயன்படுத்தும் வாசகி

பதில்: செய்யலாம். ஷ்யூர்ஃபயர் அமைப்பில் ‘என்விரான்மென்ட்வேரியபிள்ஸ்’ என்ற பகுதி இருக்கிறது. கிரேடிலில் டெஸ்ட் டாஸ்க்குக்குள் ‘என்விரான்மென்ட்’ என்று எழுதிச் சாவியும் மதிப்பும் கொடுக்கலாம். டெஸ்ட்டுக்கான ஜேவிஎம் பிறக்கும்போதே அந்த மதிப்போடு பிறக்கும். வித்தை எதுவும் இல்லாத, நேர்மையான வழி. நேட்டிவ் லைப்ரரிகூட அதே மதிப்பைப் பார்க்கும்.

ஆனால் எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே மதிப்புதான். மாறி இருப்பது, இல்லாதது, தப்பாக இருப்பது என்ற மூன்றையும் இப்படிச் சோதிக்க முடியாது. மேலும் ஒருவர் ஐடிஇயில் டெஸ்ட்டின் பக்கத்தில் இருக்கும் பச்சை அம்பை அழுத்தி ஓட்டினால், ஐடிஇ அந்த அமைப்பைப் படித்துக்கொள்ளும் என்று எல்லா இடத்திலும் நம்ப முடியாது. எங்கோ தொடங்குவதற்கே ஒரு மாறி இருந்தாக வேண்டும் என்ற மாதிரி இடங்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் பூட் ஃப்ரேம்வொர்க்கில் இதெல்லாம் தேவையா?
— அஞ்சலட்டையில் எழுதியவர்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. ஸ்பிரிங்கின் என்விரான்மென்ட் வழியாகவோ கான்ஃபிகரேஷன்ப்ராப்பர்ட்டீஸ் வழியாகவோ மதிப்பை வாங்கினால், டெஸ்ட்டில் டெஸ்ட்ப்ராப்பர்ட்டிசோர்ஸிலோ ஸ்பிரிங்பூட்டெஸ்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியிலோ எழுதிவிடலாம். டெஸ்ட்டில் எழுதியது சூழல் மாறியைவிட முன்னுரிமை பெறும். ஸ்பிரிங் முழுவதையும் எழுப்பாமல் ஒரு கிளாஸை மட்டும் பார்க்க மாக்என்விரான்மென்ட் போதும்.

பெயரில் மட்டும் கவனம். ப்ராப்பர்ட்டி பெயரைச் சூழல் மாறியாக எழுதும்போது புள்ளி அடிக்கோடாக மாறும், எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாகும், நடுவில் வரும் சிறுகோடு மட்டும் மறைந்துபோகும். இந்த விதியைத் தவறவிட்டு, மாறியின் பெயரைத் தப்பாக எழுதி வைத்துவிட்டு மதிப்பு ஏறவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. டெஸ்ட்டில் ப்ராப்பர்ட்டி பெயரைக் கொடுப்பதால் இந்தத் தப்பு டெஸ்ட்டில் அகப்படாது, டெப்லாய் செய்யும்போதுதான் தலைகாட்டும்.

கேள்வி: டெஸ்ட்டுக்காக கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பாராமீட்டர் சேர்ப்பது தவறான வடிவமைப்பு என்கிறார் எங்கள் லீட். ‘டெஸ்ட் கோடுக்குத் தக்கபடி இருக்க வேண்டும், கோட் டெஸ்ட்டுக்குத் தக்கபடி வளையக் கூடாது’ என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— இரண்டு பக்கமும் கேட்டுக் குழம்பியவர்

பதில்: உங்கள் லீட் சொல்லும் கவலை வெற்றுக் கவலை அல்ல. டெஸ்ட்டுக்காக மட்டும் பிரைவேட் மெத்தடைப் பப்ளிக் ஆக்குவது, ‘டெஸ்ட்மோட்’ என்று ஒரு பூலியனைச் சேர்ப்பது எல்லாம் எனக்கும் பிடிக்காது. இந்த பாராமீட்டர் அந்த வகை இல்லை. அந்த கிளாஸ் ஒரு வெளி மதிப்பை நம்பி இருக்கிறது என்பது முன்பே உண்மைதான். உள்ளே கெட்என்வ் என்று எழுதியபோது அது மறைந்திருந்தது, கன்ஸ்ட்ரக்டரில் எழுதியபோது வெளியே தெரிகிறது. அந்த கிளாஸைப் புதிதாகப் படிக்கிறவர், என்னென்ன கொடுத்தால் இது ஓடும் என்பதை ஒரு வரியில் தெரிந்துகொள்கிறார்.

லீடிடம் வாதம் செய்வதைவிட, உங்கள் கோட்பேஸில் கெட்என்வ் என்ற சொல்லைத் தேடி, அது எத்தனை கோப்புகளில் வருகிறது என்று காட்டிப் பாருங்கள். ஒரே மாறியை ஒரு கோப்பில் இல்லையென்றால் 30 என்றும், இன்னொரு கோப்பில் இல்லையென்றால் 60 என்றும் எழுதி வைத்திருப்பது அநேகமாக அகப்படும். ‘ஆன்’ செய்யும் மாறிகளையும் பாருங்கள். பூலியன்.பார்ஸ்பூலியன் ‘ட்ரூ’ என்ற சொல்லை மட்டும்தான், எந்த எழுத்து வடிவிலும், ஏற்கும். ‘1’, ‘யெஸ்’, ‘ஆன்’ எல்லாமே அதற்குப் பொய்தான், அதுவும் எந்தப் பிழையும் வீசாமல். ஒரு இடத்தில் பார்ஸ்பூலியன், இன்னொரு இடத்தில் ‘1’-க்குச் சமமா என்ற ஒப்பீடு என்றிருந்தால், ஒரே மாறி பாதி புரோகிராமுக்கு ஆன், மீதிக்கு ஆஃப். இந்தப் பட்டியலை அவர் முன்னால் வையுங்கள். படிப்பதை ஒரே கிளாஸுக்குக் கொண்டுவர அவரே சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். அப்படிக் கொண்டுவந்த பிறகு கெட்என்வைத் தொடும் ஒரே வரி மெயினில் இருக்கும். அதற்கு யூனிட் டெஸ்ட் வேண்டாம், புரோகிராமை ஒரு முறை கிளப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: டெஸ்ட் விழும்போது காரணம் தெரிய வேண்டும் என்று கெட்என்வின் மொத்த மேப்பையும் லாகில் அச்சிடுகிறோம். சரிதானே?
— பில்டு சர்வரைப் பார்த்துக்கொள்பவர்

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். பில்டு சர்வரின் சூழல் மாறிகளில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும், டெப்லாய் செய்யும் டோக்கனும் இருக்க வாய்ப்பு அதிகம். சில பில்டு சர்வர்கள் தமக்குத் தெரிந்த ரகசியங்களை லாகில் மறைத்துக் காட்டும். ஸ்கிரிப்ட் நடுவில் யாரோ எக்ஸ்போர்ட் செய்த மதிப்பு அந்தப் பட்டியலில் இருக்காது. மொத்த மேப்பையும் ஒப்பிடும் அசர்ஷனும் விழும்போது இதே வேலையைச் செய்யும், எதிர்பார்த்தது இது, வந்தது இது என்று இரண்டையும் முழுசாகக் கொட்டிவிடும். உங்கள் புரோகிராம் படிக்கும் மாறிகளின் பெயர்களையும், அவை இருக்கின்றனவா இல்லையா என்பதையும் மட்டும் அச்சிடுங்கள். ஏற்கெனவே வெளியான லாகில் ஏதாவது ரகசியம் இருந்தால், லாகை அழித்ததோடு விட்டுவிடாமல் அந்த பாஸ்வேர்டையும் டோக்கனையும் மாற்றிவிடுங்கள்.